மானியமும் தணிக்கையும்: பேரவை நிதிக் கண்காணிப்பின் தமிழும் கொங்கு நாட்டுச் சான்றுகளும்

தமிழ்நாட்டுச் சட்டமன்றப் பேரவையில் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் வைக்கப்பட்ட பின்னர்த் துறைவாரியாக நடைபெறும் விவாதத்திற்கு ‘மானியக் கோரிக்கை மீதான விவாதம்’ என்று பெயர். அரசியலமைப்பின் 203ஆம் உறுப்பு இதற்கு அடிப்படை. அரசு தனக்கு வேண்டிய தொகையை அவையிடம் கேட்கிறது. அவை அதற்கு இசையலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்டித் தருவதற்கு மட்டும் அவைக்கு அதிகாரமில்லை. எனவே கேட்பவர் அமைச்சர், தருபவர் உறுப்பினர். ஆனால் விவாதம் நடந்த மறுநாள் நாளிதழைப் புரட்டும் வாசகருக்குக் கிடைக்கும் காட்சி நேர்மாறானது. உறுப்பினர் தம் தொகுதிக்குப் பாலமும் கல்லூரியும் கேட்கிறார். அமைச்சர் அறிவிப்புகளை வழங்குகிறார். பணம் தரும் அவை இரப்பவரின் இடத்திலும், பணம் கேட்கும் அரசு ஈபவரின் இடத்திலும் நிற்கின்றன. இத்தலைகீழ் மாற்றத்தில் மொழிக்குள்ள பங்கு தமிழாய்வில் போதிய கவனம் பெறவில்லை. ஆட்சித் தமிழ் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கலைச்சொல் எண்ணிக்கையோடும் கோப்புகளில் தமிழ்ப் பயன்பாட்டு விழுக்காட்டோடும் நின்றுவிடுகின்றன. அச்சொற்கள் அதிகாரத்தின் திசையை எவ்வாறு காட்டுகின்றன, எவ்வாறு மறைக்கின்றன என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

‘மானியம்’ என்னும் சொல்லையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். மதிப்பு, சிறப்பு என்னும் பொருளுடைய வடசொல் அடியிலிருந்து வந்த இது, ஆள்வோர் வரி நீக்கி அளித்த நிலத்தைக் குறித்து வழங்கியது. கல்வெட்டுகளில் ‘சர்வமானியம்’ என்னும் ஆட்சி பரவலாக உண்டு. ஊர்ப்பணி செய்தோர்க்கும் கோயில்களுக்கும் விடப்பட்ட நிலங்கள் பிற்கால வருவாய்ப் பதிவுகளிலும் மானியம் என்றே சுட்டப்பட்டன. இன்று கொங்கு நாட்டு உழவர் ஒருவரிடம் மானியம் என்றால் சொட்டுநீர்ப் பாசனக் குழாய்க்கோ வேளாண் கருவிக்கோ அரசு ஏற்கும் பங்குத்தொகை என்றுதான் பொருள்படும். நிலக்கொடை, உதவித்தொகை ஆகிய இரு பொருளிலும் கொடை மேலிருந்து கீழே வருகிறது. மக்களாட்சி அவையின் தலையாய அதிகாரத்திற்கு இச்சொல்லைப் பெயராக இட்டபோது, அவையிலிருந்து அரசுக்குச் செல்லும் பணம், அரசிடமிருந்து மக்களுக்கு இறங்கும் அருளாக ஒலிக்கத் தொடங்கியது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல்லுக்கும் கொடை என்பதே பொருள். அப்படியிருந்தும் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் செலவின ஆய்வு வளர்ந்ததே என்று கேட்கலாம். மறுப்பு சரியானது, அதனால்தான் குற்றத்தை மொழிபெயர்ப்பாளர் தலையில் ஏற்றுவது பொருந்தாது. ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் மன்னருக்குப் பணம் தர மறுத்த கீழவையின் நெடிய வரலாறு நிற்கிறது. தமிழுக்குச் சொல் வந்தது, அவ்வரலாறு வரவில்லை. இத்தனைக்கும் அதைப் போன்ற வரலாறு இந்தியாவில் இல்லாமலும் இல்லை. 1924ஆம் ஆண்டு மார்ச்சில் மோதிலால் நேரு தலைமையிலான சுயராஜ்யக் கட்சியினர் மத்தியச் சட்டப்பேரவையில் முதல் நான்கு கோரிக்கைகளையும் மறுத்தனர். நிதி மசோதாவையும் தோற்கடித்தனர். வைசிராய் தம் சிறப்பதிகாரத்தால் அவற்றை மீட்டுக்கொண்டார். ஆயினும் ‘கோரிக்கை’ என்ற சொல்லுக்கு உரிய பொருள் அந்நாள்களில் வெளிப்பட்டது: கேட்டதை மறுக்கவும் முடியும்.

கொங்கு நாட்டிலிருந்து சென்றவர்கள்

அந்தப் பேரவையில் அமர்ந்திருந்தவர்களில் ஒருவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியார் (1892-1953). கோவை நகராட்சியில் பொதுவாழ்வைத் தொடங்கி, சென்னைச் சட்டமன்றம் வழியாக மத்தியச் சட்டப்பேரவைக்குச் சென்று, பின்னர் அதன் தலைவராகவும் விளங்கியவர். விடுதலை இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை 1947 நவம்பர் 26 அன்று வைத்தவரும் அவரே. ஏழரை மாதக் காலத்திற்கான அத்திட்டத்தில் வருவாய் 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி ரூபாய். செலவில் பாதுகாப்புக்கு மட்டும் 92.74 கோடி. மறு ஆண்டு ஆகஸ்டில் அவர் பதவி விலக நேர்ந்தது. வருமான வரி விசாரணை ஆணையத்துக்கு அனுப்பப்பட்ட பட்டியலிலிருந்து சில பெயர்கள் விலக்கப்பட்டது குறித்து எழுந்த கேள்விகளே அதற்குக் காரணம். அவையின் வினவலுக்கு அமைச்சர் பொறுப்பேற்று விலகும் மரபு விடுதலை இந்தியாவில் இவ்வாறு கோவையைச் சேர்ந்த ஒருவரிடமிருந்தே தொடங்குகிறது எனலாம். அவருக்குப் பின் வந்த ஜான் மத்தாய் காலத்தில், 1950இல், செலவினங்களைச் சிக்கனம், நிர்வாகத் திறன் ஆகிய நோக்கில் ஆராயும் மதிப்பீட்டுக் குழு நாடாளுமன்றத்தில் அமைந்தது. பொதுக் கணக்குக் குழு அதற்கும் மூத்தது. 1921 முதல் உள்ளது.

சண்முகம் செட்டியார் தமிழறிஞரும் ஆவார். சிலப்பதிகாரப் புகார்க் காண்டத்துக்கு உரை கண்டவர். தமிழிசை இயக்கத்தில் முன்நின்றவர். ஆனால் அவருடைய நிதியுரை ஆங்கிலத்திலும் இலக்கிய உரை தமிழிலுமாக அமைந்தன. ஒரே மனிதரின் இரு மேசைகள் அவை. ஒன்றிலிருந்த தாள் மற்றொன்றுக்கு நகரவில்லை. அன்றைய சூழலில் அது இயல்பே. எனினும், காப்பியத்தின் சொல்லுக்குச் சொல் பொருள் காணும் பயிற்சி நிதியறிக்கையின் தமிழை உருவாக்கவும் பயன்பட்டிருக்குமாயின், ‘மானியம்’ இத்தனை எளிதாக நுழைந்திருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது.

அந்த நகர்வைச் செய்தவர் பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம். 1952 முதல் 1962 வரை சென்னை மாநிலத்தின் நிதி அமைச்சராக இருந்த அவர் காலத்தில்தான், 1956இல், தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியது. அடுத்து 1957-58ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் தமிழில் அளிக்கப்பட்டது. இதே காலப் பகுதியில் திருப்பூரில் பிறந்த தி. சு. அவிநாசிலிங்கம் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தை 1954 முதல் 1968 வரை வெளியிட்டது. தூரனும் கொங்கு நாட்டவரே. ஒரு வட்டாரத்திலிருந்து ஒரு தலைமுறைக்குள் நிதியறிக்கையும் அறிவியல் தமிழும் ஒருசேர எழுந்தது தமிழ்நாட்டில் வேறெங்கும் காணாத நிகழ்வு. ஆனால் தமிழில் வந்தது அரசின் உரை. அவ்வுரையை மடக்கிக் கேட்கும் எதிர்த்தரப்பின் தமிழுக்கு யாரும் களஞ்சியம் அமைக்கவில்லை. சுப்பிரமணியத்தின் பிற்காலமே இதற்கு ஒரு கசப்பான சான்று. அவர் மைய அரசின் நிதி அமைச்சராக 1976 மார்ச்சில் வரவு செலவுத் திட்டத்தை வைத்தபோது நெருக்கடி நிலை நடப்பில் இருந்தது. எதிர்க்கட்சி உறுப்பினர் பலர் சிறையில் இருந்தனர். 1975 ஜூலையில் கூடிய கூட்டத்தொடரிலேயே கேள்வி நேரம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. நிதியறிக்கை எம்மொழியில் இருந்தாலும், கேட்பார் இல்லாத அவையில் அது வெறும் அறிவிப்பாகவே நின்றுவிடும்.

நெருக்கடி நிலை முடிந்த பிறகும் கேட்காமலே நிறைவேற்றும் வழக்கம் முடியவில்லை. 2018 மார்ச் 14 அன்று மக்களவையில் எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளும் விவாதமின்றி ஒருசேர நிறைவேறின. அன்றைய அமளியில் காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு முழக்கமிட்ட தமிழ்நாட்டு உறுப்பினர்களுக்கும் பங்கிருந்தது. அவர்களுடைய கோரிக்கை நியாயமானது. அதற்காக அவர்கள் விட்டுக்கொடுத்த கருவி, நீர்வளத் துறையின் செலவை வரிவரியாகக் கேட்கும் உரிமை.

‘தணிக்கை’ என்னும் சொல்

கண்காணிப்பின் மறுமுனையில் நிற்பது தணிக்கை. தமிழ்நாட்டு வழக்கில் இச்சொல் இருவேறு செயல்களைக் குறிக்கிறது: கணக்கைச் சரிபார்த்தலும் தணிக்கை, திரைப்படக் காட்சியை வெட்டுதலும் தணிக்கை. ‘தணி’ என்னும் வினையடியிலிருந்து பிறந்ததுபோல் தோற்றமளிப்பதால், எதையோ அடக்கிக் குறைத்தல் என்னும் சாயல் இதற்கு ஏறிவிட்டது. உண்மையில் இது வருவாய்த்துறை வழியாக வந்த உருதுச் சொல். தெலுங்கில் ‘தனிகீ’ என்றால் இன்றும் ஆய்வு, சோதனை என்றே பொருள். ஜமாபந்தி, வசூல், பாக்கி, ரசீது முதலியவற்றின் கூட்டாளி இது. அவற்றுள் ஜமாபந்திக்கு ‘வருவாய்த் தீர்வாயம்’ என்று அரசு பெயரிட்டும் மக்கள் ஜமாபந்தி என்றே சொல்லிவருகின்றனர். ஊர்க் கணக்கு வட்ட அலுவலகத்தில் பலரறியச் சரிபார்க்கப்படும் நிகழ்வு என்பதால் பழைய பெயருக்கு ஒரு காட்சி உண்டு. தணிக்கைக்கு அத்தகைய காட்சி இல்லை. அறிக்கை அவையில் வைக்கப்படுகிறது, பொதுக் கணக்குக் குழுவுக்குச் செல்கிறது. குழு அதை எடுப்பதற்குள் செலவு செய்த அலுவலர்கள் பலர் மாறியோ ஓய்வு பெற்றோ இருப்பர்.

ஈழத் தமிழ் வழக்கு இதில் தெளிவானது. அங்கு ‘கணக்காய்வு’ என்பதே சொல். அதைச் செய்பவர் ‘கணக்காய்வாளர் நாயகம்’. கணக்கு, ஆய்வு என்னும் இரு சொல்லும் ஒளிவுமறைவின்றித் தம் பொருளைச் சொல்கின்றன. ‘மானியக் கோரிக்கை’ என்பதற்கு இணையாக அங்கு நடப்பது ஒதுக்கீட்டுச் சட்டமூலத்தின் ‘குழுநிலை விவாதம்’. 2018இல் தேசிய கணக்காய்வுச் சட்டமும் வந்தது. இத்தனை தெளிவான சொற்களும் சட்டமும் இருந்தும் 2022ஆம் ஆண்டின் பொருளாதாரச் சரிவை அந்நாடு தவிர்க்கவில்லை. சொல் தெளிவானால் கண்காணிப்பு வந்துவிடும் என்று நம்புவோர்க்கு இது போதிய எச்சரிக்கை. சொல்லாராய்ச்சியின் பயன் வேறு: கண்காணிப்பு எங்கே தடைப்படுகிறது என்பதை அது காட்டித் தரும்.

தமிழ்நாட்டு வழக்கிலும் நல்ல ஆக்கங்கள் இல்லாமல் இல்லை. ‘எதிர்பாராச் செலவு நிதியம்’ என்பது பள்ளி மாணவருக்கும் விளங்கும். துணை மதிப்பீடுகளில் வரும் ‘புதுப்பணி’யும் அத்தகையதே. பொருள் மங்கலான சொற்கள், அவையின் உரிமை வலுவாக இருக்க வேண்டிய இடங்களில் வந்து சேர்ந்தது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் அவற்றை மாற்றும் முயற்சி எழாதது தற்செயல் எனக் கொள்வது கடினம்.

பழந்தமிழ் அரசியல் சிந்தனை இதற்கு எவ்வளவு உதவும் என்பதும் எண்ணத்தக்கது. பொருளை இயற்றி, ஈட்டி, காத்து, வகுப்பதை வேந்தனின் கடமையாக வள்ளுவர் சொல்லும் குறள் நிதிநிலை உரைகளுக்கு விருப்பமான மேற்கோள். நாள்தோறும் நாட்டை ஆராய்வதையும் அவர் வேந்தனிடமே ஒப்படைக்கிறார். ஆராய்பவனும் ஆள்பவனே. ஆள்பவனைப் புறத்தேயிருந்து ஒருவர் ஆராய்வது அவ்வமைப்பில் இல்லை. அமைச்சர் இடித்துரைக்கலாம், கணக்குக் கேட்க இயலாது. ஆனால் முதற்பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) வேறொன்றைச் சொல்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு உரியவராகார் என்பது அவ்விதி. அது நிலமும் கல்வியும் உடைய பிராமணர்களின் சபை. அதை இன்றைய மக்களாட்சியின் முன்னோடியாகப் பாராட்டும் மேடை வழக்கம் மிகையானது. மொழியளவில் மட்டும் அது தரும் பயன் பெரிது. ‘தணிக்கை’ சரிபார்ப்பவரின் செயலைக் கூறுகிறது. ‘கணக்குக் காட்டுதல்’ செலவு செய்தவரின் கடமையைக் கூறுகிறது. பின்னது இன்றும் பேச்சுவழக்கில் உயிரோடு இருக்கிறது. பேரவையின் தமிழில் அதற்கு இடமில்லை.

விடைகளின் இலக்கணம்

பேரவை விடைகளின் வாய்பாடுகள் தமிழறிந்தோர்க்குப் பழகியவை: ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’, ‘அரசின் பரிசீலனையில் உள்ளது’, ‘நிதிநிலைக்கேற்ப ஆவன செய்யப்படும்’. இவற்றின் இலக்கணம் நோக்கத்தக்கது. செயப்பாட்டு வினையால் எழுவாய் மறைகிறது. ‘வருகிறது’ என்னும் துணைவினையால் செயலுக்கு முடிவு மறைகிறது. ‘ஏற்ப’ என்பதால் நிபந்தனை நுழைகிறது. யார், எப்போது, எவ்வளவு என்ற மூன்று வினாக்களும் ஒரே தொடரில் விடையின்றிப் போகின்றன. துறைதோறும் அளிக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பும் இதே நடையில் விரிந்தது. நாடாளுமன்றத்தில் 1993 முதல் துறைசார் நிலைக்குழுக்கள் கோரிக்கைகளை முன்கூட்டியே ஆராய்கின்றன. கேரளச் சட்டமன்றத்திலும் பொருள்வாரிக் குழுக்கள் உண்டு. அத்தகைய குழுமுறை இல்லாத தமிழ்நாட்டுப் பேரவையில், துறையைப் பற்றி உறுப்பினர் கையில் இருக்கும் முதன்மை ஆவணம் துறையே தன்னைப் பற்றி எழுதிய குறிப்புத்தான்.

கொங்கு நாட்டார்க்கு இவ்வினைமுற்றுகளின் நீளம் அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தால் நன்கு தெரியும். பல பத்தாண்டுகள் பரிசீலனையில் இருந்த அது 2019 பிப்ரவரியில் 1,652 கோடி ரூபாய் மதிப்பீட்டில் அடிக்கல் கண்டது. 2024 ஆகஸ்ட் 17 அன்று 1,045 குளம் குட்டைகளுக்கு நீர் செலுத்தும் திட்டமாகத் தொடங்கி வைக்கப்பட்டபோது செலவு 1,916.41 கோடியாக இருந்தது. இடைப்பட்ட காலத்தில் இத்திட்டத்தை உயிரோடு வைத்திருந்தவை உண்ணாவிரதப் பந்தல்களே. 1970களில் மின் கட்டணத்துக்கு எதிராக நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை மாவட்ட உழவர்கள் நடத்திய போராட்டங்களும் அவ்வாறே. அப்போராட்டத்தில் பெருமாநல்லூரில் உயிர்கள் பலியான பின்னரே, நெடுங்காலம் கழித்து, உழவர்க்கான கட்டணமில்லா மின்சாரம் அரசின் செலவுக் கணக்கில் ஒரு வரியானது. அவையில் கேட்கப்படாதது தெருவில் கேட்கப்படும்போது அதற்கான விலையும் வேறாகிறது.

பணியாளர் பற்றிய சொற்கள் தனித்துப் பார்க்கத்தக்கவை. ‘தொகுப்பூதியம்’, ‘மதிப்பூதியம்’, ‘சிறப்புக் காலமுறை ஊதியம்’, ‘வெளிமுகமை’ எனத் தமிழ்நாட்டு நிர்வாகம் படைத்த சொற்கள் சொல்லாக்க நோக்கில் குறையற்றவை. நல்ல தமிழ்ச் சொற்கள் என்பதாலேயே அவை செய்யும் வேலை கண்ணில் படுவதில்லை. ஒரு பணி வெளிமுகமைக்குச் சென்றதும் அதற்கான செலவு சம்பளத் தலைப்பிலிருந்து நீங்கி ஒப்பந்தச் செலவாகிறது. உழைப்பவர் எண்ணிக்கை அரசின் பணியிடப் பட்டியலில் இல்லை. காலிப் பணியிடம் என்ற கணக்கிலும் இல்லை. ‘எத்தனை பேர் பணியாற்றுகின்றனர்’ என்னும் எளிய வினாவுக்கு அவையில் உண்மையான விடையும் முழுமையற்ற விடையும் ஒன்றாகவே இருக்க முடிகிறது. கோவை மாநகராட்சியில் நாள்தோறும் குப்பை அள்ளுவோரில் நிரந்தரப் பணியாளரும் ஒப்பந்தப் பணியாளரும் ஒரே தெருவில் ஒரே வேலையைச் செய்கின்றனர். கணக்கேட்டில் அவர்கள் இருவேறு இனங்கள். 2020இல் ‘துப்புரவுப் பணியாளர்’ என்பது ‘தூய்மைப் பணியாளர்’ என மாற்றப்பட்டது. மதிப்பான பெயர் வரவேற்கத்தக்கதே. கணக்குத் தலைப்பு பெயரோடு மாறவில்லை.

மாமன்றம் இல்லாத காலம்

பேரவைக்குக் கீழே உள்ளாட்சியிலும் இதே கேள்வி எழுகிறது. தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. இடையில் ஐந்தாண்டுக்கும் மேலாகத் ‘தனி அலுவலர்’ ஆட்சி. இப்பெயரில் ‘தனி’ என்பது சிறப்பு என்னும் பொருளில் வந்தது. நடைமுறையில் அது தனியொருவர் என்றே ஆயிற்று. முன்மொழிவை அனுப்பும் ஆணையரும், மாமன்றத்தின் இடத்திலிருந்து அதற்குத் தீர்மானம் இயற்றும் தனி அலுவலரும் ஒருவரே. கேட்பவரும் தருபவரும் ஒருவராகிவிட்டால் கோரிக்கை என்பதற்கே இடமில்லை.

கோவையின் 24 மணி நேரக் குடிநீர் வழங்கல் திட்டத்துக்கான ஒப்பந்தம் பிரெஞ்சு நிறுவனமான சூயஸுடன் 2018இல், அந்த இடைவெளியில்தான் கையெழுத்தானது. பழைய மாநகராட்சிப் பகுதியின் 60 வார்டுகளுக்குரிய குழாய் வலையமைப்பை அமைத்துப் பராமரிக்கும் பொறுப்பு 26 ஆண்டுகளுக்கு அந்நிறுவனத்திடம் அளிக்கப்பட்டது. சிறுவாணியிலிருந்து நீர் பெறக் கேரளத்தோடு 1973இல் செய்துகொண்ட ஒப்பந்தம் இரு மாநில அரசுகளுக்கிடையிலானது. அதன் விதிகளைப் பற்றி இரு சட்டமன்றங்களிலும் கேட்க முடியும். 2018ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் அவை அன்று நகரில் இல்லை. திட்டம் நல்லதா தீயதா என்ற வாதம் வேறு. அதற்கு ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் உண்டு. பேரவையில் அது நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறையின் கோரிக்கைக்குள் மாநிலத்தின் மற்ற எல்லா உள்ளாட்சிகளின் செய்திகளோடும் சேர்ந்தே வரும். விவாதத்துக்குக் கிடைக்கும் நேரத்தில் ஒரு நகரின் ஒப்பந்தப் பிரிவுகளை எடுத்துக் கேட்க உறுப்பினருக்கு வாய்ப்புக் குறைவு. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை பார்ப்பதோ செலவான பின்னர்.

2022இல் 100 வார்டுகளிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்டு மாமன்ற உறுப்பினர்கள் வந்தனர். குழாய் எந்தத் தெருவில் பதிக்கப்பட்டது, தோண்டிய சாலை எப்போது மூடப்படும் என்பவற்றை அவர்கள் கேட்கலாம். ஒப்பந்த விதிகள் அவர்கள் வருவதற்கு முன்பே முடிவாகிவிட்டன. அவர்களுடைய பதவிக்காலம் ஐந்தாண்டு. ஒப்பந்தம், 2018 முதல் எண்ணினால், 2044 வரை செல்கிறது.